கணக்கின் ஒரு படி வெளியூரில் இருக்கட்டும்



கடையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கணக்கைக் காப்பி எடுத்து வைக்க எது நல்லது? பென் டிரைவா, ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா? எந்தக் கம்பெனி டிஸ்க் வாங்கினால் பல வருஷம் உழைக்கும்? எந்த மில் அரிசி நல்லது என்று கேட்டுப் பழகிய வாய் இதையும் அப்படித்தான் கேட்கிறது. கேள்வியில் தவறில்லை. ஆனால் பெட்டி எது என்பதைவிட, எத்தனை பெட்டி இருக்கிறது, அவை எந்தெந்த ஊரில் இருக்கின்றன, கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம் என்பவையே பெரிய கேள்விகள் என்று நாங்கள் கருதுகிறோம். இது படித்துத் தெரிந்துகொண்ட கருத்து இல்லை. நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டது.

2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் காலையில் எங்கள் கடைக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. உள்ளிருந்து 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. கணக்கு எழுதும் தம்பி பதறவில்லை. தினமும் இரவு கடை அடைக்கும் முன் பென் டிரைவில் பேக்கப் எடுத்து மேசை டிராயரில் வைப்பது எங்கள் வழக்கம். அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்தபோதுதான் அந்தத் தம்பியின் முகம் மாறியது. உள்ளே இருந்தது மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்த பழைய ஆண்டுக் கணக்கு. ஏப்ரலில் புதிய நிதியாண்டுக்கென்று சாப்ட்வேரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கியிருந்தோம். பேக்கப் எடுக்கும் இடத்தில் பழைய பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆறு மாத காலம், ஒரு நாள் தவறாமல், முடிந்துபோன ஆண்டின் கணக்கையே பக்தி சிரத்தையோடு காப்பி எடுத்து வந்திருக்கிறோம்.

பழுதான டிஸ்க்கை வெளியூரில் தகவல் மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்தோம். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, உள்ளே தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பித் தந்தார்கள். அதற்குள் தீபாவளியே வந்து போய்விட்டது. மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தீபாவளி வசூல் என்றால் என்ன என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் வசூலுக்கு ஆள் அனுப்புவது எப்படி?

அப்போது ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் விற்பனை பில்கள் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருந்தன. ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்த மாதங்களுக்கு, பதிவு பெற்ற கடைகளுக்குப் போட்ட பில் ஒவ்வொன்றையும் அங்கிருந்து எடுக்க முடிந்தது. நாங்கள் கொள்முதல் செய்த சரக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-2ஏ-யில் தெரிந்தது. ஆனால் பதிவு இல்லாத சிறு கடைகளுக்குக் கொடுத்த சரக்கெல்லாம் மொத்தத் தொகையாகத்தான் இருந்தது, பெயர் இல்லை. வசூலான பணம் எங்குமே இல்லை. அரசாங்கத்துக்கு நாம் எவ்வளவு விற்றோம் என்பது தெரியும். நமக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கடனுக்குக் கொடுத்து வாங்கும் வியாபாரிக்கு அந்த இரண்டாவது கணக்குத்தான் உயிர்.

பில்லின் இரண்டாம் பிரதிகளைக் காலிச் சாக்கில் போட்டு வைத்திருந்தோம். மிளகாய்ச் சாக்கு. அதைக் கொட்டி, தும்மிக்கொண்டே தேதிவாரியாக அடுக்கி, பாங்குப் பாஸ்புத்தகத்தோடும் வசூல் ஆளின் கையேட்டோடும் ஒப்பிட்டு முடிக்க ஒன்றரை மாதமானது. கல்லல் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தானே வந்து, "அண்ணே, நான் உங்களுக்கு முப்பத்தெட்டாயிரம் தரணும், என் நோட்டுல இருக்கு பாருங்க" என்று காட்டினார். எங்கள் கையில் இருந்த பில்களைக் கூட்டினால் இருபத்தாறாயிரம்தான் வந்தது. அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். வேறு விதமாகவும் இருந்தார்கள். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

இனி, நம் ஊருக்கு இது புதுப் பாடமா என்று பார்ப்போம். இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம்.

பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சைகோனிலும் கொண்டுவிற்ற நகரத்தார் பெருமக்களின் கடைகளில், நாள்வாரியாகக் குறிப்பு எழுதுவார்கள். குறிப்பிலிருந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டின் பற்று வரவுகளையெல்லாம் தொகுத்து ஐந்தொகை எடுப்பார்கள். கடையை நடத்துகிற ஏஜெண்டு பெரும்பாலும் மூன்று வருஷத் தவணைக்குப் போனவர். முதலாளி இங்கே செட்டிநாட்டில் இருப்பார். ஐந்தொகையும் கடிதமும் கப்பலேறி ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். முதலாளி அதைப் படிப்பார். இந்தத் தொகை ஏன் இன்னும் நிற்கிறது, அந்த வட்டி ஏன் வரவில்லை என்று பதில் எழுதுவார்.

பேக்கப் என்று நினைத்து அவர்கள் இதைச் செய்யவில்லை. ஏஜெண்டின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். ஆனாலும் அந்த ஏற்பாட்டில், கணக்கின் சாரம் இரண்டு நாடுகளில் இருந்தது. அனுப்பிய காகிதத்தை இந்தப் பக்கம் ஒருவர் படித்துக் கேள்வியும் கேட்டார். இந்த இரண்டாவது சங்கதியை நாம் கவனிக்க வேண்டும். படிக்கிறவர் இருந்தால், வராத காகிதமும் தவறான காகிதமும் அடுத்த கப்பலுக்குள் தெரிந்துவிடும். எங்கள் பென் டிரைவை ஆறு மாதமாக யாராவது ஒருவர் திறந்து படித்திருந்தால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நடந்தும் கப்பலேறியும் நம்மவர்கள் திரும்பிய கதை இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் அறிந்தது. அங்கே இருந்த நிலமும் கிட்டங்கியும் கையை விட்டுப் போயின. பெட்டகத்தில் இருந்த ஐந்தொகைக் காகிதங்கள் ஊரிலேயே இருந்தன. அந்தக் காகிதம் போன சொத்தைத் திருப்பித் தராது என்பது வேறு விஷயம். எது போயிற்று என்று ஒரு குடும்பம் சொல்ல முடிவதே சிறிய காரியமில்லை. 2019-ல் எங்களுக்கு அதுகூட முடியவில்லை.

இப்போது பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறோம். விற்பவர்கள் சொல்லாத சிலவற்றையே சொல்கிறோம்.

ஹார்ட் டிஸ்க் என்பது நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுச் சுற்றும் தட்டு. அதன் மேல், தட்டைத் தொடாமல், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் ஒரு முள் மிதந்துகொண்டிருக்கும். ஓடுகிறபோது மேசையிலிருந்து விழுந்தால் முள் தட்டில் மோதும், கதை முடிந்தது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஆண்டுதோறும் தன் கணக்கை வெளியிடுகிறது. நூற்றுக்கு ஒன்றரை வீதம் ஓராண்டில் பழுதாகின்றன என்பது அதன் அண்மைக் கால அனுபவம். அது குளிர்சாதன அறையில். நம் டிஸ்க் மல்லித் தூளுக்கும் மாவுத் தூசிக்கும் நடுவில், சித்திரை வெயிலில், கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் ஓடுகிறது. எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் இரண்டு தடவை ஒயரைக் கடித்திருக்கிறது.

பென் டிரைவிலும் எஸ்.எஸ்.டி.-யிலும் சுற்றுகிற பாகம் இல்லை. கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் அவற்றில் தகவல் என்பது நுண்ணிய மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. கரண்ட் தொடர்பே இல்லாமல் வருஷக்கணக்கில், அதுவும் உஷ்ணமான இடத்தில் போட்டு வைத்தால், அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஐந்து வருஷக் கணக்கை ஒரு பென் டிரைவில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் யோசிக்க வேண்டும். சி.டி., டி.வி.டி. எழுதி வைத்திருப்பவர்களும்தான். அதில் எழுதுவது ஒரு சாயப் பூச்சில். வெயிலிலும் வெளிச்சத்திலும் சாயம் மங்கும் என்பது நம் ஊர் கண்டாங்கிச் சேலை வியாபாரிகளுக்குத் தெரியாததா?

போலிச் சரக்கு இதிலும் உண்டு. அட்டையில் 128 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும், உள்ளே இருக்கும் சில்லு எட்டோ பதினாறோதான். கம்ப்யூட்டரில் செருகினால் 128 என்றே காட்டும்படி உள்ளே மாற்றி வைத்திருப்பார்கள். எட்டு ஜி.பி. வரை ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் எழுதுகிறபோது பெயர் மட்டும் வரிசையாகத் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது. நாமே வியாபாரிகள், எடைக்கல்லைச் சோதிக்கத் தெரியாதவர்களா? புது டிஸ்க்கோ பென் டிரைவோ வாங்கினால் அதை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஓர் இரவு ஓடவிட்டால் காலையில் குட்டு வெளிப்பட்டுவிடும். பில் இல்லாமல் வாங்கவும் வேண்டாம். பில் போடச் சொல்லி நாமே கேட்கவில்லை என்றால் யார் கேட்பார்கள்?

கிளவுட் பற்றி இளைஞர்கள் உயர்வாகப் பேசுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. கடை எரிந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் அங்கே ஒரு படி இருக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது கீழ்த்தளத்துக் கடைகளில் கம்ப்யூட்டரும் இரும்புப் பெட்டியும் சேர்ந்தே மூழ்கின. பெட்டிக்குள் டிஸ்க்கை வைத்திருந்தவர்களுக்கு அது எந்த விதத்திலும் உதவியிருக்காது. ஆனால் கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில் உள்ள ஒரு கட்டடம்தான். 2021 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அப்படிப்பட்ட ஒரு கட்டடம் எரிந்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத்தின் தகவல் மையமே தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரியது என்ற காரணத்தால் அதற்கு வேறு இடத்தில் பேக்கப் வைத்திருக்கவில்லை. கணினித் தொழிலில் உலகுக்கே பாடம் சொல்கிற நாடு அது. நம்மை நாமே அதிகம் நொந்துகொள்ள வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறோம்.

நம் கடைகளில் கிளவுடுக்கு வருகிற ஆபத்து நெருப்பைவிட எளிமையானது. யார் பெயரில், யார் போன் நம்பரில் அந்தக் கணக்கு இருக்கிறது? கடையில் வேலை பார்த்த பையன் தன் மெயிலில், தன் நம்பரில் தொடங்கிக் கொடுத்திருப்பான். பையன் திருப்பூருக்குப் போய்விடுவான். ஓ.டி.பி. அவன் போனுக்குப் போகும். அவன் நல்லவனாகவே இருந்தாலும் நம்பரை மாற்றியிருப்பான். தெரிந்த ஒரு ஜவுளிக் கடையில் மூன்று வருஷக் கணக்கு இப்படித்தான் எட்டாத இடத்தில் நிற்கிறது. இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. இன்னொன்று: இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்குகளை கூகுள் நிறுவனம் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு இது ஆகாது. கம்ப்யூட்டரில் ஒரு பைலை அழித்தால் கிளவுடிலும் அழிகிற மாதிரி இணைத்து வைத்திருப்பது பேக்கப் ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடிக்கு முன் நிற்கிறவன் போனால் கண்ணாடியில் இருப்பவனும் போய்விடுவான்.

வைரஸ் வேறு. 2017 மே மாதம் வான்னகிரை என்ற ஒன்று சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த ஜாதி வைரஸ்கள் கம்ப்யூட்டரோடு எந்நேரமும் செருகியே இருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். பின்பக்கம் டிஸ்க்கைச் செருகியபடி நிரந்தரமாக விட்டுவைத்திருக்கும் நண்பர்கள், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய் அதைக் கழற்றி வைக்கலாம். திருடனுக்கும் அது வசதி. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்வான்.

இவ்வளவும் நம் சொந்த நன்மைக்கு. சட்டமும் கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரை நீளும். 57-ஆவது விதி இன்னும் தெளிவானது. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே 'டிஸ்க் போய்விட்டது சார்' என்பது பதிலாகாது. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தவர்கள் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் வைத்திருக்க வேண்டும்.

72 மாதம் என்பது காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரியும். 2017-18, அதாவது ஜி.எஸ்.டி. வந்த முதல் ஆண்டின் கணக்குக்கு உத்தரவு போட அதிகாரிகளுக்கு 2023 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அந்த ஆண்டில் நம்மில் பலருக்கு நோட்டீஸ் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு வருஷத்துக்கு முந்தைய பில்லைத் தேடி எத்தனை பேர் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினார்கள்! சிலர் அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டிருந்தார்கள். 'எல்லாம் போர்ட்டலில் இருக்கிறது' என்று சொன்ன நண்பர்களுக்கு, 2024-ல் அந்த இணையதளமே, ரிட்டர்ன் விவரங்களை ஏழு ஆண்டுகள் வரைதான் காட்டும், தேவையானவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்ததை நினைவூட்டுகிறோம்.

சாதனமும் பழசாகும். 1990-களில் கம்ப்யூட்டர் வாங்கிய நம் முன்னோடிகள் 1.44 எம்.பி. ப்ளாப்பியில் கணக்கு எடுத்து வைத்தார்கள். அதில் சில இன்னும் நல்ல நிலையில்கூட இருக்கலாம். ஆனால் அதைச் செருகுவதற்கு எந்தக் கம்ப்யூட்டரில் வாய் இருக்கிறது? கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் சேர்த்து வைத்த சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் நாம் அறிவோம். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, 1994-ல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. காகிதம் உதிர்வதற்குள் அவற்றை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்தார்கள். ஓலைச்சுவடி வைத்திருந்த நம் பாட்டனார்களும் அதையே செய்தார்கள். ஏடு பழுதாகும் முன் புது ஏட்டில் படி எடுத்தார்கள். படி எடுக்காமல் விட்டது செல்லரித்துப் போயிற்று. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களோடு, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் போயின. கம்ப்யூட்டர் கணக்கையும் நாலு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதிய டிஸ்க்குக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். ஓலையைவிட இது ஆயுள் குறைந்த பொருள் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

கம்ப்யூட்டர்காரர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியிடத்தில். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்தியது. சரியான கணக்குத்தான். ஆனால் அது எத்தனை என்று மட்டும் சொல்கிறது. திறந்து பார் என்று சொல்லவில்லை. நாங்கள் அந்தப் பாதியில்தான் விழுந்தோம்.

இப்போது எங்கள் கடையில் நடப்பதைச் சொல்கிறோம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. சிறிய வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு மாதத்தில் வாங்கியவை. ஒன்றில் சிவப்பு நாடா, ஒன்றில் பச்சை நாடா. ஒன்று கடையில் இருக்கும். இரவில் பேக்கப் எடுத்ததும் கழற்றி மேல்மாடிக்குப் போய்விடும். மற்றது தேவகோட்டையில் உறவினர் வீட்டில் இருக்கும். சனிக்கிழமை சரக்கு வேன் போகும்போது டிரைவர் இதைக் கொடுத்து அதை வாங்கி வருவார். கடையின் பெயரில், முதலாளியின் நம்பரில் தொடங்கிய கிளவுட் கணக்கில் ஒரு படி. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலை மட்டும் காகிதத்தில் அச்சடித்து இரும்புப் பெட்டியில் வைக்கிறோம். பதினான்கு பக்கம் வருகிறது. சாப்ட்வேர் எது வந்தாலும் போனாலும் அதைக் கண்ணால் படிக்கலாம்.

ஒன்றாம் தேதி வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டு, கணக்கை முழுவதும் திரும்ப ஏற்றி, பட்டியலிலிருந்து ஐந்து கடைகளின் பெயரை வாசிப்போம். தம்பி தொகையைச் சொல்ல வேண்டும். காகிதத்தோடு பொருந்த வேண்டும். இருபது நிமிஷ வேலை. முதலில் தம்பிக்கு இது தன்னைச் சந்தேகிப்பது போல இருந்தது. "உன்னைச் சோதிக்கல தம்பி, டிஸ்க்கைச் சோதிக்கிறோம்" என்று சொன்ன பிறகு அவரே நாளை நினைவூட்டுகிறார்.

கடைக் கணக்கை வெளியில் எப்படிக் கொடுப்பது, தொழில் ரகசியம் அல்லவா என்று பலர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது. யாரிடம் எவ்வளவு நிற்கிறது, எந்த விலைக்கு வாங்கினோம் என்பதெல்லாம் வெளியே போகக் கூடாதவை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் யாரோ ஒரு வீட்டுப் பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும்போது நமக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் டிஸ்க் முழுவதற்கும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வசதி இப்போது உண்டு. பூட்டிய டிஸ்க்கை யார் கையில் கொடுத்தாலும் அவர்களுக்கு அது வெறும் இரும்புத் துண்டு. அந்தப் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அந்த உறை எங்கே இருக்கிறது என்று தெரியட்டும். முதலாளிக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு, முதலாளி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என்ன ஆகும்?

வெளியூரில் உறவினர் இல்லாதவர்களுக்குச் சங்கம் ஒரு வழி செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். காரைக்குடி உறுப்பினரின் பூட்டிய டிஸ்க்கைத் தேவகோட்டை உறுப்பினரும், அவருடையதை இவரும் வைத்துக்கொள்ளலாம். திருப்பத்தூருக்கும் சிவகங்கைக்கும் இதே மாதிரி. யாருக்கு யார் என்று ஒரு பதிவேடு சங்க அலுவலகத்தில் இருந்தால் போதும். ஒரே தொழில் செய்பவர்களை ஜோடி சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலசரக்குக்காரரின் டிஸ்க் பாத்திரக் கடைக்காரரிடம் இருக்கட்டும். மாதக் கூட்டத்துக்கு வரும்போது மாற்றிக்கொண்டால் தனிப் பயணமும் இல்லை. கூட்டத்துக்கு வருகையும் கூடும் என்பது உபரி லாபம்! செயற்குழுவில் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்களை வேண்டுகிறோம்.

சென்ற மாதம் ஒன்றாம் தேதி சோதித்தபோது பச்சை நாடா டிஸ்க் திறக்கவில்லை. வேனில் வரும்போது அடிபட்டதோ, வேறென்னவோ. சிவப்பு திறந்தது, ஐந்து பெயரும் பொருந்தின. புது டிஸ்க் ஒன்று பில்லோடு வாங்கி, இரவு முழுக்க நிரப்பிச் சோதித்து, பழைய பச்சை நாடாவையே அதற்குக் கட்டி அந்தச் சனிக்கிழமை வேனில் தேவகோட்டைக்கு அனுப்பிவிட்டோம்.